ரத்தம் சொன்னதும் வாய் சொன்னதும்

பொய் சொல்லக்கூடாது என்பது பற்றி நமக்கு நிறையவே சொல்லப்பட்டிருக்கிறது. உண்மையைக் கேட்கிறவனுக்கு என்ன கடமை என்பது பற்றி அநேகமாக ஒன்றும் சொல்லப்படவில்லை. நீதி நூல்கள் பேசுகிறவனை மட்டுமே விசாரிக்கின்றன. கேட்கிறவன் எப்போதும் நிரபராதி. அவனுக்குக் காது இருந்தால் போதும். இந்த ஏற்பாட்டைச் சந்தேகிக்க வைக்கும் ஒரு விஷயத்தை, இலக்கியத்துக்கு வெளியே, ஆப்பிரிக்காவில் நடந்த ஒரு மருந்து ஆராய்ச்சியின் சரித்திரத்திலிருந்து எடுத்துக்கொள்கிறேன்.

2009 செப்டம்பரில் தென்னாப்பிரிக்கா, உகாண்டா, ஜிம்பாப்வே ஆகிய மூன்று நாடுகளில் இந்தப் பரிசோதனை ஆரம்பமாயிற்று. பணம் அமெரிக்க அரசினுடையது. பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தை மையமாகக் கொண்ட ஓர் ஆராய்ச்சிக் கூட்டமைப்பு இதை நடத்தியது. அப்போது வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் இருந்த ஜீன் மராஸோவும், ஜிம்பாப்வே பல்கலைக்கழகத்தின் மைக் சிரென்ஜேயும் பொறுப்பாளர்கள். எச்.ஐ.வி. தொற்றாத 5,029 பெண்கள் சேர்ந்தார்கள். ஐந்தில் நான்கு பேர் தென்னாப்பிரிக்காவில், சராசரி வயது 25, பெரும்பாலோர் மணமாகாதவர்கள். சிலருக்குத் தினம் ஒரு மாத்திரை, சிலருக்குத் தினம் ஒரு முறை உபயோகிக்கும் ஜெல். இரண்டிலும் டெனோஃபோவிர் என்ற மருந்து. ஒரு பகுதியினருக்கு மட்டும் மருந்தே இல்லாத வெற்று மாத்திரை, வெற்று ஜெல். யாருக்கு எது என்பது கொடுப்பவருக்கும் தெரியாது, வாங்குபவருக்கும் தெரியாது. நோயாளிகள் சாப்பிடும் மருந்தை ஆரோக்கியமானவர்கள் முன்கூட்டியே சாப்பிட்டால் கிருமி தொற்றாமல் தடுக்க முடியுமா என்பது கேள்வி. ஆணுறைக்கு ஆணின் தயவு வேண்டும். அது வேண்டாத ஒரு காப்பு பெண்ணின் கையிலேயே இருக்கவேண்டும் என்பது இதன் பின்னால் இருந்த நியாயமான ஆசை. பரிசோதனையின் நீண்ட ஆங்கிலப் பெயரிலிருந்து எழுத்துக்களைப் பொறுக்கி அதற்கு ‘வாய்ஸ்’ என்று பெயரிட்டார்கள். குரல் என்று அர்த்தம். இந்தப் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்வது நல்லது.

பெண்கள் மாதம் ஒரு முறை கிளினிக்குக்கு வந்தார்கள். எச்.ஐ.வி. சோதனை, கர்ப்பப் பரிசோதனை, கருத்தடை, ஆணுறை, ஆலோசனை எல்லாம் அங்கே கிடைத்தன. மீந்த மாத்திரைகளைத் திருப்பிக் கொண்டுவர வேண்டும், எண்ணிப் பார்ப்பார்கள். மனிதர்களிடம் சொல்லக் கூசுவார்களே என்று, கம்ப்யூட்டர் காதுக்குள் கேள்வி கேட்க, பதிலைத் தாமே பதிவு செய்யும் ஏற்பாடும் இருந்தது. பெண்கள் சொன்னதன்படி நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு மருந்து ஒழுங்காக உபயோகிக்கப்பட்டிருந்தது. திரும்பி வந்த மாத்திரைக் கணக்கும் கிட்டத்தட்ட அதையே ஆமோதித்தது. ஆனால் பரிசோதனையின்போது 312 பெண்களுக்குத் தொற்று ஏற்பட்டது. மருந்து பெற்றவர்களுக்கும் வெற்று மாத்திரை பெற்றவர்களுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. 2011இல் டெனோஃபோவிர் மாத்திரையையும் அடுத்து ஜெல்லையும் பலனில்லை என்று நிறுத்தினார்கள். பிறகு, சேமித்து வைத்திருந்த ரத்தத்தைச் சோதித்தார்கள். மருந்து பெற்ற பெண்களின் ரத்த மாதிரிகளில் 30 சதவிகிதத்திலோ அதற்கும் குறைவாகவோதான் மருந்து இருந்தது. ஏறக்குறைய பாதிப்பேருக்கும் மேல், ஒரு மாதிரியில்கூட மருந்தின் சுவடே இல்லை. 2013 மார்ச்சில் முடிவு அறிவிக்கப்பட்டது.

இது ஒரு தனி விபத்தல்ல. கென்யா, தென்னாப்பிரிக்கா, டான்ஸானியாவில் 2,120 பெண்களிடம் நடந்து 2011இல் நிறுத்தப்பட்ட இன்னொரு பரிசோதனையிலும் இதே கதைதான். நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேர் மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டதாகச் சொன்னார்கள். ரத்தத்தில் அதற்குச் சாட்சி இருந்தது நாற்பது பேருக்கும் குறைவாக. மருந்து கெட்டது என்றும் சொல்லமுடியாது. அதே காலத்தில் கென்யாவிலும் உகாண்டாவிலும், ஒருவருக்குத் தொற்று இருந்து மற்றவருக்கு இல்லாத 4,747 தம்பதிகளிடம் இதே மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். தொற்று 67லிருந்து 75 சதவிகிதம் வரை குறைந்தது. அங்கே பெண்கள் மாத்திரையைச் சாப்பிட்டார்கள். ஆகவே ‘ஆப்பிரிக்கப் பெண்கள் இப்படித்தான்’ என்ற விளக்கத்துக்கு இடமே இல்லை. அந்தப் பெண்ணின் மாத்திரை வீட்டில் அவள் புருஷனுக்குத் தெரிந்த மாத்திரை. இந்தப் பெண்ணின் மாத்திரை யாருக்கும் தெரியக்கூடாத மாத்திரை.

இப்போது தார்மீகக் கேள்விக்கு வரலாம். அவர்கள் சொன்னது பொய். இதை வேறு மெல்லிய வார்த்தையால் மூடுவதில் எனக்குச் சம்மதமில்லை. நம்மைப் போன்றவர்களிடம் ஒரு பழக்கம் இருக்கிறது. நம் முற்போக்குக் கதைகளில் ஏழை உண்மைவிளம்பி. அவன் வாயிலிருந்து வருவதெல்லாம் வர்க்கத்தின் சத்தியம். மற்றக் கதைகளில் அவன் தந்திரக்காரன். இரண்டு வகையிலும் அவனுக்குச் சூழ்நிலையை எடைபோட்டுப் பேசும் மூளை கொடுக்கப்படுவதில்லை. டர்பனிலோ ஹராரேயிலோ கிளினிக்கில் உட்கார்ந்திருந்த பெண்ணுக்கு அந்த மூளை இருந்தது. அவள் எடைபோட்டாள், பொய் சொன்னாள். அதை அவளுடைய செய்கையாகவே மதிப்பதுதான் மரியாதை.

1797இல் பெஞ்சமின் கான்ஸ்டன்ட் ஒரு அபிப்பிராயம் சொன்னார்: உண்மையைப் பெற உரிமை உள்ளவனிடம்தான் உண்மை பேசும் கடமை நமக்கு உண்டு. அதே வருஷம் இம்மானுவேல் கான்ட் அதை மறுத்து எழுதினார்: நண்பனைக் கொல்லத் துரத்தி வருகிறவன் கதவைத் தட்டி, அவன் உள்ளே இருக்கிறானா என்று கேட்டாலும் பொய் சொல்லக்கூடாது. இந்தச் சர்ச்சையில் நாம் சுலபமாகக் கான்ஸ்டன்ட் பக்கம் சேர்ந்துவிடுவோம். ஆனால் நம் விஷயத்தில் கதவைத் தட்டியவன் கையில் கத்தி இல்லை, மருந்து இருந்தது. உபகாரம் செய்ய வந்தவனிடம் சொன்ன பொய் இது. பிறருக்குக் கேடு தராத பேச்சே வாய்மை என்று வள்ளுவர் வைத்த அளவுகோலைக் கொண்டு பார்த்தாலும் இது தேறாது. ரத்தத்தைச் சேமித்து வைக்காமல் வாய்ச்சொல்லை மட்டும் நம்பியிருந்தால், வேலை செய்யும் ஒரு மருந்து ‘பெண்களிடம் பலிக்காது’ என்று புதைக்கப்பட்டிருக்கும். அதன் நஷ்டம் அதே தெருவில் வசிக்கும் வேறு பெண்களுக்கு. ஆகவே இது தீங்கற்ற பொய் அல்ல.

அப்படியானால் குற்றம் அவர்களுடையதா? அரிச்சந்திரன் கதை இங்கே உதவாது. அவனுக்கு இழக்க ஒரு நாடு இருந்தது. அவன் சத்தியத்தைச் சோதிக்க ஒரு முனிவர் இருந்தார். பார்த்துக்கொண்டிருக்கத் தேவர்கள் இருந்தார்கள். கடைசியில் இழந்ததெல்லாம் திரும்பி வந்தது. சத்தியத்துக்கு இவ்வளவு உத்தரவாதம் உள்ள ஓர் உலகத்தில் வைத்துத்தான் நாம் சத்தியத்தைக் கற்றுக்கொண்டோம். உத்தரவாதம் இல்லாதவளுக்கு அந்தப் பாடம் எப்படிப் பொருந்தும் என்று யாரும் கேட்கவில்லை.

கேள்வி எந்த இடத்தில் கேட்கப்பட்டது என்று பார்க்கவேண்டும். ‘இந்த வாரம் எத்தனை நாள் மாத்திரை சாப்பிட்டாய்?’ என்ற கேள்வியை, அவளுக்கு மாதாமாதம் வைத்தியம் தரும் அதே இடம் கேட்கிறது. வேறு எங்கும் இவ்வளவு பொறுமையாக அவளை யாரும் பரிசோதித்ததில்லை என்று வைத்துக்கொள்ளலாம். ‘சாப்பிடவில்லை’ என்று சொன்னால் யாரும் அடிக்கப் போவதில்லை; மறுபடியும் ஆலோசனை, மறுபடியும் அக்கறை. ஆனால் அந்த அக்கறையை ஏமாற்றியவள் ஆகிவிடுவாள். வெளியே அனுப்பிவிடுவார்களோ என்ற பயமும் இருக்கும். கம்ப்யூட்டரிடமும் அவள் அதையே சொன்னாள் என்பதில் ஆச்சரியமில்லை. கம்ப்யூட்டர் வானத்திலிருந்து வரவில்லை. அதுவும் கிளினிக்கின் மேஜைமேல்தான் இருந்தது.

நான் வேலை பார்ப்பது ஒரு வங்கியில். விவசாய நகைக்கடனுக்கு வட்டி குறைவு. விண்ணப்பத்தில் ‘நோக்கம்’ என்று ஒரு கட்டம் இருக்கும். வருகிறவர்கள் அதில் ‘விவசாயச் செலவு’ என்று எழுதுகிறார்கள். எழுதத் தெரியாதவர்களுக்குப் பின்னால் நிற்பவர் எழுதிக்கொடுக்கிறார். பணம் பெண்ணின் காலேஜ் ஃபீஸுக்கோ மாமனாரின் ஆபரேஷனுக்கோ போகலாம். அந்தக் கட்டம் அவர்களை ஒன்றும் கேட்கவில்லை. தனக்கு வேண்டிய பதிலைத் தானே சொல்லிக்கொடுத்துவிட்டுக் காத்திருக்கிறது. எந்தப் பதிலுக்குக் கடன் உண்டு, எந்தப் பதிலுக்குக் கிடையாது என்பதைத் தெரிந்துகொண்டவன் தரும் பதிலை வாக்குமூலம் என்று நாம் கோப்பில் வைத்துக்கொள்கிறோம். ‘குரல்’ என்று பெயரிடப்பட்ட பரிசோதனையின் கேள்வியும் இந்தக் கட்டத்தைப் போலத்தான் ஆகிவிட்டது. அதை வைத்தவர்கள் நல்லவர்கள் என்பதால் கட்டத்தின் சுபாவம் மாறிவிடாது.

இன்னொன்று. சம்மதப் படிவம் அந்தப் பெண்களிடம் உண்மையையே சொன்னது. இந்த மருந்து காக்குமா என்று தெரியாது, உனக்குக் கிடைப்பது வெற்று மாத்திரையாகவும் இருக்கலாம், ஆனாலும் தினம் தவறாமல் சாப்பிடு. ஆராய்ச்சி நெறி இப்படித்தான் சொல்லவேண்டும் என்கிறது, அது சரியே. ஆனால் இந்த வாக்கியத்தை ஓர் ஆரோக்கியமான இளம்பெண் எப்படி வாசிப்பாள்? பலன் நிச்சயமில்லாத, ஒருவேளை உள்ளே ஒன்றுமே இல்லாத மாத்திரை. ஆனால் டப்பாவைப் பார்க்கிறவன் கண்ணுக்கு அது எச்.ஐ.வி. நோயாளியின் மாத்திரை. பலன் சந்தேகம், அவமானம் நிச்சயம். அவள் சாப்பிடாமல் விட்டதில் தர்க்கப் பிழை ஏதும் எனக்குத் தெரியவில்லை.

அவளுடைய சந்தேகத்துக்குச் சரித்திரமும் உண்டு. அலபாமாவில் டஸ்கிகீ என்ற ஊரில் 1932 முதல் 1972 வரை அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறை சுமார் 400 கறுப்பு ஆண்களின் மேகநோயை வைத்தியம் செய்யாமல் வேடிக்கை பார்த்தது. ‘கெட்ட ரத்தத்துக்கு’ வைத்தியம் நடக்கிறது என்று அவர்களிடம் சொன்னது. பென்சிலின் வந்த பிறகும் கொடுக்கவில்லை. நாற்பது வருஷம் நீடித்த அந்தப் பொய்க்கு ஆராய்ச்சி என்று பெயர். தென்னாப்பிரிக்காவிலேயே, ஜனாதிபதி தாபோ எம்பெக்கியின் ஆட்சி எச்.ஐ.வி.தான் எய்ட்ஸுக்குக் காரணமா என்று சந்தேகம் கிளப்பிக்கொண்டிருந்தது. அவருடைய சுகாதார மந்திரி பூண்டையும் பீட்ரூட்டையும் சிபாரிசு செய்தார். மருந்து தாமதிக்கப்பட்டதால் 3,30,000க்கு மேற்பட்ட உயிர்கள் போயின என்று 2008இல் ஹார்வர்டு ஆராய்ச்சியாளர்கள் கணக்கிட்டார்கள். எம்பெக்கி பதவி விலகியது 2008 செப்டம்பரில். சரியாக ஒரு வருஷம் கழித்து அந்த நாட்டுப் பெண்களிடம் மாத்திரை டப்பா நீட்டப்பட்டது. மேலிருந்து கீழே வரும் பொய்க்குக் கொள்கை என்று பெயர். கீழிருந்து மேலே போகும் பொய்க்கு ஒழுங்கின்மை என்று பெயர். இந்தத் துறையில் முன்பு ‘கம்ப்ளையன்ஸ்’ என்றார்கள், பணிந்து நடத்தல். அது அதிகாரமாக ஒலிக்கிறது என்று ‘அட்ஹியரன்ஸ்’ ஆக்கினார்கள், ஒட்டி நடத்தல். சொல் மாறிற்று. யார் யாரை ஒட்டி நடக்கவேண்டும் என்ற திசை மாறவில்லை.

ஆனால் இந்த ஆராய்ச்சியாளர்களை டஸ்கிகீக்காரர்களோடு ஒரே மூட்டையில் கட்டுவது அநியாயம். தோல்வியை மறைக்காமல் பிரசுரித்தார்கள். அதைவிட முக்கியமானது பரிசோதனை முடிந்த பிறகு செய்தது. சில பெண்களைத் திரும்பக் கூப்பிட்டு, அவரவர் ரத்தத்தின் முடிவை அவரவரிடமே காட்டி, என்ன நடந்தது என்று கேட்டார்கள். முன்பு சாதித்தவர்களில் பலர் இப்போது பேசினார்கள். பக்கவிளைவைப் பற்றிய பயம். காத்திருக்கும் இடத்தில் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்ட வதந்திகள். காதலனோ வீட்டாரோ மாத்திரையைப் பார்த்துவிட்டு நோய்க்காரி என்று நினைத்துவிடுவார்கள் என்ற கவலை.

இந்த இடம் எனக்குச் சங்கடமாகவும் இருக்கிறது. ரத்தத்தின் அறிக்கையை முன்னால் வைத்துவிட்டு ‘இப்போது சொல்’ என்பதில் போலீஸ் ஸ்டேஷன் வாடை கொஞ்சம் இருக்கத்தான் செய்கிறது. ஆனாலும் ஒரு வித்தியாசம் இருக்கிறது. இந்தத் தடவை அவள் இழப்பதற்கு எதுவும் இல்லை. பரிசோதனை முடிந்துவிட்டது; மாத்திரை இல்லை, கணக்கு இல்லை. ‘சாப்பிட்டாயா’ என்ற கேள்வி ‘சாப்பிட முடியாமல் போனது எதனால்’ என்று மாறியிருந்தது. உண்மை அப்போதுதான் வந்தது. அவர்கள் திடீரென்று யோக்கியர்கள் ஆகிவிட்டதால் அல்ல. ‘இல்லை’ என்ற சொல்லுக்கு விலை இல்லாமல் போனதால். நான் சொல்ல வந்தது இவ்வளவுதான்: உண்மை என்பது பேசுகிறவனின் குணம் மட்டுமல்ல, கேட்கிறவன் செய்துதரவேண்டிய ஓர் ஏற்பாடு. ‘இல்லை’ என்று சொல்வதால் ஒருத்தி எதையும் இழக்கமாட்டாள் என்ற நிலையை உண்டாக்காமல் அவளிடம் உண்மையைக் கேட்பவன், பொய்யில் பாதிப்பங்கை ஏற்றுக்கொள்ள வேண்டும்.

விஞ்ஞானம் பிறகு வேறு வழியில் போயிற்று. 2024இல் தென்னாப்பிரிக்காவிலும் உகாண்டாவிலும் 16 முதல் 25 வயது வரையுள்ள பெண்களிடம், கேப் டவுன் பல்கலைக்கழகத்தின் லிண்டா-கெய்ல் பெக்கர் தலைமையில், லெனகாபவிர் என்ற மருந்தைச் சோதித்ததன் முடிவு வெளியாயிற்று. ஆறு மாதத்துக்கு ஒரு ஊசி. ஊசி போட்டுக்கொண்ட 2,134 பேரில் ஒருவருக்கும் தொற்றவில்லை. அதே பரிசோதனையில் தினசரி மாத்திரை பெற்றவர்களில் 55 பேருக்குத் தொற்றியது. அவர்களும் மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடவில்லை. வார்த்தையே தேவைப்படாத மருந்து இது. ஊசி உடம்புக்குள் போய்விட்டால் அவளை ஒன்றும் கேட்கவேண்டியதில்லை.

பொய்யை ஒழிக்கக் கேள்வியையே ஒழித்துவிட்டார்கள் என்று ஒருவர் குறை சொல்லக்கூடும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பழைய பொய்யைச் சரியாக வாசித்திருந்தால் அதில் எழுதியிருந்தது இதுதான்: என் வீட்டில் இந்த டப்பா இருக்கமுடியாது. ஊசிக்கு டப்பா இல்லை. அவள் வாய்விட்டுச் சொல்லாததை யாரோ கேட்டிருக்கிறார்கள். ஒரு பிரதி சொல்லாமல் விட்டதையும் சேர்த்துத்தான் வாசிக்கவேண்டும் என்று நாம் இந்தப் பக்கங்களில் சண்டை போடுகிறோமே, அந்த வாசிப்பு ஒரு கிளினிக்கில் நடந்திருக்கிறது.

ஆனால் கணக்கு இதோடு தீரவில்லை. 2025 ஜூனில் அமெரிக்காவில் இந்த ஊசிக்கு அனுமதி கிடைத்தபோது வருஷத்துக்கு 28,218 டாலர் என்று விலை குறித்தார்கள். 120 நாடுகளுக்கு மலிவாகச் செய்ய வேறு கம்பெனிகளுக்கு உரிமம் கொடுக்கப்பட்டிருக்கிறது; 2027லிருந்து வருஷத்துக்கு 40 டாலருக்குக் கிடைக்கும் என்று 2025 செப்டம்பரில் அறிவித்தார்கள். தென்னாப்பிரிக்கா அந்தப் பட்டியலில் உண்டு. இதே மருந்தின் சகோதரப் பரிசோதனைக்கு உடம்பைக் கொடுத்தவர்கள் வாழும் பிரேஸில், அர்ஜென்டினா, மெக்ஸிகோ, பெரு அந்த உரிமத்தில் இல்லை. 2025 ஜனவரியில் அமெரிக்க அரசு வெளிநாட்டு உதவியை நிறுத்தி வைத்தபோது, தென்னாப்பிரிக்காவில் நடந்துகொண்டிருந்த எச்.ஐ.வி. ஆராய்ச்சிகள் சில பாதியில் நின்றன. மாதம் தவறாமல் வருவதாகக் கையெழுத்துப் போட்ட பெண்கள் வந்தார்கள். வரச் சொன்ன பணம் வரவில்லை.

சுகாதார சமத்துவம் என்று இப்போது நிறையப் பேசுகிறார்கள். மருந்து எல்லோருக்கும் ஒரே மாதிரி கிடைக்கவேண்டும் என்பது அதன் ஒரு பாதி. சொன்ன சொல்லுக்குப் பொறுப்பு என்பதும் ஒரே மாதிரி இருக்கவேண்டும் என்பது மறுபாதி. டர்பனில் ஒருத்தி மாத்திரை சாப்பிட்டேன் என்று சொன்னால் அதைச் சரிபார்க்க அவள் ரத்தத்தை எடுத்துப் பெட்டியில் பத்திரப்படுத்தியிருக்கிறோம். மருந்து வரும், பணம் வரும், பரிசோதனை முடியும்வரை கூட இருப்போம் என்று சொன்னவர்களிடமிருந்து எதை எடுத்துப் பெட்டியில் வைப்பது என்று இன்னும் யாரும் யோசிக்கவில்லை.